ஒரு பாட்டுக்கு அரை நிமிஷம்

அந்த அக்கா யாரையும் குறை சொன்னதில்லை. காட்டுவார்.

பெயர் எழுதவில்லை. எழுதினால் யாராவது மயிலாடும்பாறைக்குப் போய் அவரிடம் சொல்லிவிடுவார்கள். அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்க்கும்போது "எதுக்குப் பேரப் போட்ட?" என்று கேட்பார்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மார்க்கையன்கோட்டையில் ஆள் ஏற்றி, போடி வந்து, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவேன். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. தோட்டம் போய்ச் சேர இரண்டு மணி நேரம். சாயங்காலம் அதே இரண்டு மணி நேரம் இறக்கம். பெண்கள் பதினாலு பேர். பின்னால் பன்னிரண்டு, முன்னால் இரண்டு. இப்போதும் அதே வேலைதான். ஜீப்தான் வேறு.

நான் சொல்வது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லி. சேலைக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். இவர் சட்டையில் மட்டும் ஒரு பொத்தான்கூட விட்டுப்போயிருக்காது. முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்காருவார். பேச்சு குறைவு. என்னைப்போல. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவருடைய தம்பி மலேசியாவில் ஓட்டல் வேலை பார்த்தார். ஊருக்கு வந்தபோது அக்காவுக்கு ஒரு எம்பி ஃபோர் கொண்டுவந்தார். பாட்டுப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. முன்னால் சின்னத் திரை, பின்னால் மிளகு அளவுக்கு ஒரு கேமரா. அதில் பேச முடியாது. பாட்டுக் கேட்கலாம், பாட்டு ஓடும்போதே படமும் எடுக்கலாம், அவ்வளவுதான். அப்போது எங்கள் ஆட்கள் கையில் இருந்தது பட்டன் போன். அதிலெல்லாம் கேமரா இல்லை. ஜீப்புக்கே ஒரே கேமரா அக்காவுடையதுதான்.

என் ஜீப்பில் டேப் கெட்டுப்போய்க் கிடந்தது. ஸ்பீக்கர் மட்டும் நன்றாக இருந்தது. அக்கா ஒரு வயரைக் கொண்டுவந்து கொடுத்து, "இதச் சொருகிப் பாரு" என்றார். சொருகினேன். பாடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போய், செல் கடையில் கொடுத்துப் பாட்டு ஏற்றினார். அதற்கு முன்னால் ஒவ்வொருத்தரிடமும் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆளுக்கு இருபது. டிரைவருக்கும் இருபது. மொத்தம் முந்நூறு. அதோடு உள்ளே இடம் முட்டிவிட்டது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

வரிசையாக ஓடும். ஒரு நடைக்கு இருபத்தைந்து பாட்டு. திங்கட்கிழமை காலை வெள்ளத்தாய் பாட்டில் ஆரம்பித்தால், சனிக்கிழமை சாயங்காலம் என் பாட்டில் முடியும். வெள்ளத்தாய்தான் ஜீப்பில் வயதில் மூத்தவர். அதனால் அவர் முதல். தன் பாட்டு வரும் நாளில் ஒவ்வொருத்தியும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவாள். அன்றைக்கு ஜீப் அவளுடையது என்கிற மாதிரி. அக்கா பாட்டு புதன்கிழமை காலை, மலை ஏறும்போது வரும். எல்லாம் பழைய பாட்டு. அவர் கூடப் பாடமாட்டார். கால் விரல் மட்டும் ஆடும்.

ஒரு மாதத்தில் அந்தப் பெட்டியில் சார்ஜ் வயர் குத்துகிற ஓட்டை ஆடிப்போனது. ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டினால் சார்ஜ் ஏறும். கடைக் கம்ப்யூட்டரில் குத்தினால் ஒன்றும் தெரியாது. ஆக, உள்ளே இருக்கிற பாட்டு இருக்கும். போன பாட்டு போனதுதான்.

போகிற வழி ஒன்று இருந்தது. கேமரா.

பின்சீட்டுப் பேச்சிக்குத்தான் முதலில் ஆசை வந்தது. கல்யாணமாகி ஆறு மாதம். புருஷன் திருப்பூரில். ஏலச் செடிக்கு நடுவே நின்று ஒரு படம் எடுத்து வைத்தால், தீபாவளிக்கு வரும்போது காட்டலாம் என்றாள். அக்கா கேமராவைத் திறந்தார். திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. பேச்சி பத்தாவது வரை படித்தவள். வாசித்துவிட்டு இடம் இல்லையாம் என்றாள். ஒரு பாட்டை அழித்துப் பார்த்தார்கள். பத்துப் படம் எடுக்க முடிந்தது. ஓடுகிற படம் என்றால் அரை நிமிஷம்.

அக்கா அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்.

"யாருக்குப் படம் வேணுமோ அவ பாட்டக் குடு. அடுத்தவ பாட்டுல கை வைக்கக் கூடாது."

பேச்சி மூன்று பாட்டைக் கொடுத்தாள். முப்பது படம். செடியோடு, பூவோடு, சட்டையோடு, சட்டை இல்லாமல் சேலையோடு. பின்னால் ஒரே கேலி.

"ஏத்தா, மூணு பாட்டத் தின்னுட்டியே. ஒம் புருசன் வந்து என்னத்தக் கேப்பான்?" என்றார் வெள்ளத்தாய்.

"அவரு பாட்டுக் கேக்கவா வாறாரு?" என்றாள் பேச்சி.

ஜீப் குலுங்கியது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ஆளுக்கு ஒன்று இரண்டு என்று கொடுத்தார்கள். வெள்ளத்தாய் கடைசிவரை கொடுக்கவில்லை. என் மூஞ்சி எனக்குத் தெரியும், பாட்டு இருக்கட்டும் என்றுவிட்டார்.

அக்கா தனக்கென்று ஒரு அழகுப் படம் எடுக்கவில்லை. அவருடைய இருபது பாட்டை வேறு விதமாகச் செலவு செய்தார்.

வெள்ளத்தாய்க்கு ஒரு பழக்கம். பின்னால் கடைசியில், காற்று வருகிற இடம்தான் வேண்டும். யாராவது முந்தி உட்கார்ந்தால் சண்டை. கேட்டால், நான் எங்கே சண்டை போட்டேன், நல்லபடியாகத்தானே சொன்னேன் என்பார். பொய் இல்லை. அவர் அப்படித்தான் நம்பினார். ஒரு நாள் அந்த இடத்தில் பேச்சி உட்கார்ந்துவிட்டாள். வழக்கம்போல நடந்தது. அக்கா பாட்டு மாற்றுகிற மாதிரி கையில் பெட்டியை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளத்தாயைத் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அரை நிமிஷம். இதை வெள்ளத்தாயே பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இரண்டு தடவை பார்த்தாராம். அதில் தன் விரல் பேச்சியின் கண்ணுக்கு நேராக ஆடியதாம். அவள் தூக்குச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒடுங்கிப்போய் இருந்தாளாம்.

"சத்தம் இம்புட்டா வருது எனக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாத்துக்கிட்டீகள்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளத்தாய் உள்பக்கம் போய் உட்கார்ந்தார். வேர்த்தது.

அந்தப் புதன்கிழமை அக்கா பாட்டில் ஒன்று குறைந்தது. எங்களுக்கு வரிசை மனப்பாடம். இந்தப் பாட்டுக்கு அடுத்தது இது என்று தெரியும். அன்றைக்கு அது வராமல் வேறு வந்தது. பாட்டு எங்கே போனது என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்தபோதுதான் வெள்ளத்தாய் விஷயத்தைச் சொன்னார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அக்கா பாட்டு ஒன்று காணாமல் போனால், யாருக்கோ காட்டியிருக்கிறார் என்று அர்த்தம். யாருக்கு என்று அவர் சொல்லமாட்டார்.

தோட்டத்தில் சாப்பிடுவதற்கு ஒரு ஷெட். மழை நாளில் ஒழுகும். மேனேஜர் மலையாளத்துக்காரர். நல்ல மனுஷன், ஆனால் மழை பெய்யும்போது அந்தப் பக்கம் வரமாட்டார். சொல்லும்போதெல்லாம், "ஷெட்டுக்கு ஒரு குழப்பமும் இல்லா சேச்சி" என்பார். குழப்பம் என்றால் அவர் பாஷையில் கோளாறு. வெயில் நாளில் வந்து பார்த்தால் குழப்பம் இருக்காதுதான். ஆடி மாதம் ஒரு நாள் அக்கா தன் சோற்றுச் சட்டியைத் திறந்து வைத்து, கேமராவை அதன் மேல் பிடித்தார். ஒவ்வொரு சொட்டாகச் சோற்றில் விழுந்தது. அரை நிமிஷத்தில் குழம்பு தண்ணீர் ஆனது. அந்தச் சோற்றையே சாப்பிட்டுவிட்டுப் போய், ஆபீஸ் அறையில் மேனேஜரிடம் மட்டும் காட்டினார்.

பேச்சி, இதை முதலாளிக்கும் காட்டணும் அக்கா என்றாள். பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கும் காட்டணும் என்றாள்.

"எதுக்கு? செய்ய வேண்டிய ஆளு பாத்தாச்சு."

நாலாம் நாள் தார்ப்பாய் வந்தது. மேனேஜர் நின்று கட்ட வைத்தார். அன்றிலிருந்து மழை நாளில் குடையோடு ஷெட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பார். கேமரா பயமா, மனசு மாறியதா, எனக்குத் தெரியாது.

அவர் தன்னையும் விடவில்லை. இதைச் சொல்லாவிட்டால் அவர் ஏதோ அடுத்தவர் மேல் கண் வைக்கிற ஆள் என்று தோன்றும். ஏலக்காய் எடுக்கும்போது விளைந்த காயை மட்டும் கிள்ள வேண்டும். பிஞ்சு செடியிலேயே இருக்க வேண்டும். ஒரு நாள் கங்காணி, உன் பையில் பிஞ்சு கிடக்கிறது என்று அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது வருஷக் கை. இல்லை என்றார். கங்காணி போய்விட்டார். மறுநாள் காலை பெட்டியைப் பேச்சி கையில் கொடுத்து, நான் காய் எடுக்கும்போது என் கையை மட்டும் எடு என்றார்.

பார்த்தார். விரல் வேகமாகத்தான் போகிறது. சுண்டுவிரல் பக்கத்தில் இருக்கிற பிஞ்சையும் சேர்த்துத் தட்டுகிறது. தட்டுவது அவருக்கே தெரியவில்லை.

நேரே கங்காணியிடம் போனார். "என் கைதான். நீங்க சொன்னது சரி."

அந்த வாரம் போனது அவருக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. கால் விரல் ஆடுகிற பாட்டு. ஏன் அதைப் போய் அழித்தீர்கள், வேறு இல்லையா என்று கேட்டேன்.

"இல்லேனு சாதிச்சேன்ல" என்றார்.

இனி என் விஷயம்.

என் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. மதுரையில் இடம் கிடைத்தது. மலை ஓட்டம் மட்டும் போதவில்லை. சின்னமனூரில் இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு காய்கறி லோடு போகும். இராத்திரி ஓட்டம். அதையும் பிடித்தேன். வாரத்தில் நாலு நாள். விடிய மூன்று மணிக்கு வந்து படுப்பேன். ஐந்தரைக்கு எழுந்து ஜீப்பை எடுப்பேன். உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்தவரை.

ஒரு நாள் ஏழாவது வளைவு தாண்டியதும் அக்கா மெதுவாகச் சொன்னார். "தம்பி, கண்ணு மூடுச்சு."

"மூடலக்கா."

ஒரு வாரம் கழித்து மறுபடியும். இந்தத் தடவை எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து வருஷமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறேன், நான் தூங்கினால் நீங்கள் எல்லாம் உயிரோடு இருப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அக்கா ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை அவர் பாட்டில் ஒன்று வரவில்லை. பின்னால் சிரிப்பு. யாரு மாட்டுனது, யாரு மாட்டுனது என்று கேட்டுக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பேச்சியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

போடிமெட்டில் டீக்கு நிறுத்துவோம். எல்லாரும் கடைக்குப் போனதும் அக்கா வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியோடு ஜீப்புக்குப் பின்னால் வந்தார்.

"இங்கன வா தம்பி."

போனேன். நீட்டினார். பனி. திரையைக் கையால் மறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

என் முகம். பக்கவாட்டில் இருந்து. அவர் மடியில் வைத்தபடி எடுத்திருக்கிறார், கீழேயிருந்து. ஜன்னலுக்கு வெளியே தடுப்புச் சுவர் ஓடுகிறது. பாட்டு ஓடுகிறது. பின்னால் பேச்சி சிரிக்கிற சத்தம். நான் ரோட்டைப் பார்க்கிறேன். நல்லா இருக்கிறேன். பிறகு கண் மூடுகிறது. சிமிட்டல் இல்லை. மூடுகிறது. தாடை கீழே இறங்குகிறது. சுவர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணலாம். கை மட்டும் தானாக ஸ்டேரிங்கைக் கொஞ்சம் திருப்புகிறது. பிறகு கண் திறக்கிறது.

திறந்த பிறகு இருந்த முகம்தான் என்னை உலுக்கியது. அதில் ஒன்றுமே இல்லை. திடுக்கிடல் இல்லை. ஒன்றும் நடக்காதவன் முகம். அவனுக்குத் தெரியவே இல்லை.

ஜீப்பில் சாய்ந்துகொண்டேன்.

"நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா. "பதினாலு பொம்பளைக. நீ பாத்துக்க."

அழித்துவிடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். அவர் எந்தப் படத்தையும் அழித்ததில்லை. வயரை மறுபடி சொருகிவிட்டு டீக்குப் போனார்.

அன்றைக்கே இராத்திரி ஓட்டத்தை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அடுத்த மாதம் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். இன்னும் ஒரு மாதம் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். முந்தலில் நிறுத்தி முகத்தில் தண்ணீர் அடித்தேன். பச்சை மிளகாயைக் கடித்தேன். ஜன்னலை முழுசாகத் திறந்தேன். பின்னால் குளிருது என்று கத்தினார்கள். அக்கா என்னைப் பார்ப்பார், திரும்பிக்கொள்வார். எனக்குத் தூக்கத்தைவிட அந்தப் பெட்டி பயமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் என் ஜீப்பிலேயே, என் ஸ்பீக்கரிலேயே சொருகிக்கொண்டு வருகிறது. உள்ளே நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன். இவர்களுக்குத் தெரிந்தால் வேறு ஜீப்புக்குப் போய்விடுவார்கள். மலை ரோட்டில் ஜீப்புக்கா பஞ்சம்.

ஒரு வாரம் போனது. அன்று முன்சீட்டில் அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள் வரவில்லை. பேச்சி வந்து உட்கார்ந்தாள். பதினோராவது வளைவில் ஏதோ ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்று அக்கா மடியில் இருந்த பெட்டியை எடுத்தாள். அடுத்த பாட்டுக்குத் தாவத் தெரியாமல் எதை எதையோ அழுத்தினாள்.

"அக்கா, இங்கன வீடியோனு ஒண்ணு இருக்கே" என்றாள்.

நான் கையை நீட்டிப் பிடுங்கினேன். வளைவில். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு.

முன்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி ஓடைப் பள்ளத்தில் விழுந்தது. மலைப் பக்கம். மறு பக்கமாக இருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. ஜீப் சாய்ந்து பாறையில் தட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. வெள்ளத்தாயின் குழம்பு மட்டும் இரண்டு பேர் மேல் கொட்டியது.

எல்லாரும் இறங்கினார்கள். என்னாச்சு என்று கேட்டார்கள். ஸ்டேரிங் இழுத்துவிட்டது என்றேன். வாயில் உடனே வந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டார்கள். நம்பினார்கள். சேர்ந்து தள்ளி ஜீப்பை மேலே ஏற்றினார்கள்.

அக்கா கீழே விழுந்து கிடந்த பெட்டியை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். நேரே வந்து என் கையில் கொடுத்தார். போய்த் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

அழிக்க எனக்குத் தெரியும். இரண்டு பொத்தான். யாரும் பார்க்கவில்லை. அவரே கொடுத்திருக்கிறார்.

அழித்தால் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். அது எனக்கு நிச்சயம். மறுநாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

வெள்ளத்தாயிடம் போய் நீட்டினேன்.

"ஸ்டேரிங் இல்லாத்தா. நாந்தான். இதப் பாருங்க."

பார்த்தார். அடுத்தவரிடம் கொடுத்தார். கை மாறி கை மாறிப் போனது. ஒவ்வொருத்தருக்கும் அரை நிமிஷம். யாரும் சேர்ந்து பார்க்கவில்லை, திரை அவ்வளவு சின்னது. ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்புச் சத்தம் அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. கடைசியாகப் பேச்சி பார்த்தாள். தன் சிரிப்பைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின.

வெள்ளத்தாய்தான் பேசினார். சத்தம் போடவில்லை.

"ஏலே, தூக்கம் வந்தா வீட்டுல போயித் தூங்கு. எங்க உசுரு மேல ஏண்டா படுத்துத் தூங்குற?"

நான் இராத்திரி ஓட்டத்தைச் சொன்னேன். மகள் படிப்பைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இரக்கம் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

எட்டுப் பேர் கை காட்டி, பின்னால் வந்த ஜீப்புகளில் ஏறிக்கொண்டார்கள். நியாயம்தான். பேச்சியும் இன்னும் மூன்று பேரும் ரோட்டோரம் நின்றார்கள். ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல்.

அக்கா சுவரை விட்டு எழுந்து வந்தார். முன்சீட்டில் ஏறினார். ரோட்டுக்கு முகம் காட்டி உட்காரவில்லை. எனக்கு முகம் காட்டி, பக்கவாட்டில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"ஓட்டு. நான் பாத்துக்கிறேன்."

மற்றவர்களும் ஏறினார்கள்.

அன்று மாலையே லோடு வண்டிக்காரரிடம் வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். மகள் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது. மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். மறு வருஷம் சேர்ந்தாள். இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இராத்திரி டியூட்டிதான் அதிகம். பகலில் போன் செய்தால் தூங்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

போனவர்கள் ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள். ஆறு மாதம் ஆனது. கடைசியாக வந்தது வெள்ளத்தாய். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், அந்த ஜீப்பில் பாட்டு இல்லையாம்.

அக்கா மட்டும் ரோட்டைப் பார்த்து உட்காரவில்லை. முந்தல் வரை சாதாரணமாக வருவார். முந்தல் தாண்டியதும் காலை மடக்கி என் பக்கம் திரும்பிவிடுவார். மேலே போகும் வரை என் முகத்தைத்தான் பார்ப்பார். சாயங்காலம் இறங்கும்போதும் அப்படியே. முதலில் கூச்சமாக இருந்தது. தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தேன். என்ன புதுசா என்று வீட்டுக்காரி கேட்டாள். ஒரு அம்மா தினம் இரண்டு மணி நேரம் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு வருகிறது என்று உள்ளதைச் சொன்னேன். வீட்டில் ஒரே சிரிப்பு. பாவம் அந்த அம்மா என்றாள்.

அப்படிப் பார்த்துப் பார்த்து அவருக்கு என் முகத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது.

"பல்லு வலியா?" என்பார். வலிக்கும்.

"வீட்டுல சண்டையா?" என்பார். ஆமாம்.

"இன்னைக்கு இட்லியா?" என்று ஒரு நாள் கேட்டார். அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மீசையைக் காட்டினார். சட்னி.

மறு வருஷம் ஐப்பசி மழையில் பெட்டி நனைந்து செத்தது. உலர்த்திப் பார்த்தார், அரிசிக்குள் புதைத்துப் பார்த்தார். எழவில்லை. உள்ளே இருந்த படம் எல்லாம் போனது. வெள்ளத்தாயின் விரல், ஒழுகிய சோறு, அக்காவின் கை, என் தூக்கம், பேச்சி புருஷனுக்காக எடுத்த முப்பது படம். பேச்சிதான் அழுதாள். அக்காவுக்கு மிஞ்சியிருந்தது ஒன்பது பாட்டு. அதுவும் போனது. நான் ஒரு புது டேப் வாங்கி மாட்டினேன். அதற்குள் எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்துவிட்டது. அக்கா வாங்கவில்லை. எதுக்கு, கண்ணு இருக்குல்ல என்றார்.

அந்த ரோட்டில் வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பார்கள். கீழே போடி ஊரும், கண்மாயும், தென்னந்தோப்பும் விரித்துப்போட்ட மாதிரி தெரியும். காலையில் வெயில் ஏறும்போது எனக்கே ஓட்ட மறந்துவிடும் போல இருக்கும். நாலு வருஷம், அக்கா அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் பார்க்கச் சொன்னதும் இல்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள். விசேஷம் ஒன்றும் இல்லை. காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். எல்லாருக்கும் அசதி. முந்தல் தாண்டினோம். அக்கா திரும்பவில்லை. அப்படியே முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன்.

மூன்றாவது வளைவில், "இம்புட்டுக் குறுகலாவா இருந்துச்சு இந்த ரோடு?" என்றார்.

"ஆமாக்கா."

ஐந்தாவது வளைவில் கீழே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கையைத் தூக்கி ஏதோ காட்ட வந்தார், காட்டவில்லை. ஏழாவது வளைவு திரும்பும்போது அவர் தலை என் தோள் பக்கம் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

பின்னால் பேச்சி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன். பார்த்துவிட்டு அவளும் நிறுத்திக்கொண்டாள். ஜீப் முழுக்கச் சத்தம் அடங்கியது.

கியர் மாற்ற வேண்டும் என்றால் அவர் முழங்காலைத் தள்ள வேண்டும். இரண்டாவது கியரில் இருந்தேன். மிச்சம் பத்து வளைவு. இரண்டாவதிலேயே போனேன். பின்னால் வந்த ஜீப்புகள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போயின. போகட்டும் என்று விட்டேன்.